சிவப்பு ஜெர்சி சிறுத்தது எப்படி?

கண்ணாடி உடையவில்லை. ரக்பி கிளப்பின் அந்தக் காட்சிப் பெட்டியும் கெடவில்லை. உள்ளே இருந்த ஜெர்சியை மட்டும் காணவில்லை.

"திருடன் கைதேர்ந்தவன்," என்றார் எம்ரிஸ் ப்ரோபர்ட். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, தாடையை உயர்த்தி நின்றார். போலீசிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் அந்த முதுகு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"கைதேர்ந்தவனோ என்னவோ, சுத்தக்காரன் சார்ஜன்ட்," என்றான் வில்ஃப் க்ளெக். "கண்ணாடியைத் துடைச்சுட்டுப் போயிருக்கான் பாருங்க. இந்தக் கிளப்புல தூசி தட்டின முதல் ஆளு அவன்தான்."

க்ளெக் சைக்கிள் ரிப்பேர்காரன். வடக்கே இங்கிலாந்தின் பருத்தி மில் ஊர் ஒன்றிலிருந்து வேல்ஸுக்கு வந்து, எங்கள் க்ளின்வென்னில் கடை போட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. அந்தப் பதினோரு வருடமும் எம்ரிஸ் அவனை 'இங்கிலீஷ்காரா' என்றுதான் கூப்பிடுகிறார். அவனும் திரும்பிப் பார்க்கிறான். துப்பறியும் வேலைக்கு அவனைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் கேட்டால், "சந்தேகப்பட ஒரு இங்கிலீஷ்காரன் பக்கத்துல இருந்தா மத்தவங்க நிம்மதியா உண்மையைச் சொல்லுவாங்க" என்பார்.

காணாமல் போன ஜெர்சி சாதாரண ஜெர்சி அல்ல. எம்ரிஸின் அப்பா கரடோக் ப்ரோபர்ட், விக்டோரியா ராணி காலத்தில், ரக்பியில் நாடும் நாடும் மோதத் தொடங்கிய புதிதில் ஆடியவர். மார்பில் மூன்று இறகு தைத்த சிவப்பு ஜெர்சி. வேல்ஸ் நாட்டு ஜெர்சி. எங்கள் ஊரிலிருந்து நாட்டுக்காக ஆடியவர் அவர் ஒருவர்தான். மலைக்கு அந்தப் பக்கம் நான்ட்கோச்சில் நாலு பேர் உண்டு. ஆகவே அந்த ஒருவரை நாங்கள் நாலு பேர் அளவுக்குக் கொண்டாடி வந்தோம். சனிக்கிழமை மைதானத்தில், ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கான புதுக் கூரைக் கொட்டகை திறப்பு. 'கரடோக் ப்ரோபர்ட் கொட்டகை' என்று பலகை எழுதி, சாயமும் காய்ந்துவிட்டது.

"நாளைக்குச் சாயங்காலம் கமிட்டி கூடுது எம்ரிஸ்," என்றார் கிளப் தலைவர் எபனேசர் பியூ. கறிக்கடையிலிருந்து நேராக வந்திருந்தார். மேலாடையில் ரத்தம் இருந்ததால், வேறு ஊராக இருந்திருந்தால் அவரைத்தான் முதலில் பிடித்திருப்பார்கள். "ஜெர்சி இல்லாம கொட்டகையைத் திறந்தா நான்ட்கோச்காரன் சிரிப்பான்."

"திருடனைக் கமிட்டி முன்னாடி நிறுத்துறேன்," என்றார் எம்ரிஸ். "யாரா இருந்தாலும் சரி. என் சொந்த ரத்தமா இருந்தாலும் சரி!"

கடைசி வாக்கியத்தை யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னார். கேட்காததைச் சொல்லி மாட்டிக்கொள்வது ப்ரோபர்ட் குடும்பத்து வழக்கம்.

க்ளெக் பெட்டியின் பின்பலகையைத் தடவினான். "இதைக் கழட்டித்தான் எடுத்திருக்கான். எடுத்த பிறகு திருகாணியைத் திரும்ப முடுக்கிட்டும் போயிருக்கான்." ஒரு திருகாணியின் காடியில் விரல் வைத்து, முகர்ந்து, நாக்கில் தொட்டான். "வெண்ணெய்."

"என்னது?"

"வெண்ணெய் சார்ஜன்ட். உப்புப் போட்டது. திருப்புளிக்குப் பதிலா வெண்ணெய்க் கத்தியில திருகியிருக்கான்."

எம்ரிஸ் கண்ணை மூடி யோசித்தார். அவர் கண்ணை மூடினால் ஊரில் யாரோ ஒரு நிரபராதிக்குக் கஷ்டகாலம் என்று அர்த்தம். "திருடன் வெளியூர்க்காரன். வழிச்சாப்பாடு கட்டிட்டு வந்திருக்கான். ரொட்டிக்கு வெண்ணெய் தடவின கத்தி கையில இருந்திருக்கு."

"சாப்பிட்டுட்டு கண்ணாடியைத் துடைச்சானாக்கும்?"

"பேசாம வேலையைப் பாருடா இங்கிலீஷ்காரா."

க்ளெக் பேசாமல் வேலையைத்தான் பார்த்தான். பெட்டிக்குள் விரித்திருந்த பச்சைத் துணி வருடக்கணக்கில் வெயில் பட்டு வெளுத்திருந்தது. ஜெர்சி இருந்த இடம் மட்டும் வெளுக்காமல், தோளும் கையுமாகக் கரும்பச்சையில் ஒரு உருவம் தெரிந்தது. அதையும் பக்கத்துச் சுவரில் தொங்கிய கரடோக்கின் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். படத்தில் இருந்தவர் மலை. இரண்டு காதும் பூக்கோசு. வருடக்கணக்கில் முன்வரிசையில் குனிந்து, தலையோடு தலை முட்டித் தள்ளியவர்களின் காது அப்படித்தான் ஆகும்.

க்ளெக் அந்தக் கரும்பச்சை உருவத்தின் மேல் தன் மார்பைச் சாய்த்து அளவு பார்த்தான். அவன் ஒன்றும் பயில்வான் இல்லை. இருந்தும் இரண்டு பக்கமும் வழிந்தான்.

"இந்தச் சட்டை எனக்கே பத்தாது. உங்க அப்பாவுக்கு இது கைக்குட்டை."

"கம்பளி சுருங்கும்."

"எவ்வளவு சுருங்கும்?"

"மரியாதைக்கு உட்பட்ட அளவு சுருங்கும்!" என்றார் எம்ரிஸ். சின்ன வயதில் அவரும் இதை அப்பாவிடம் கேட்டதுண்டு. அப்பா பதில் சொல்லாமல் பட்டறைக்குப் போய்விட்டார். சுருக்கம் என்று அப்புறம் அவராகவே முடிவு செய்துகொண்டார்.

"எங்க அப்பா கூட அடிக்கடி ஒரு ப்ரோபர்ட் பத்திச் சொல்லுவாரு," என்றான் க்ளெக். "எங்க ஊரு கிளப்புல ஆடினாராம். கொல்லன். மாட்டைத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் வெச்ச ஆளாம்."

"உங்க ஊர்ல ப்ரோபர்ட்டா? பேரையும் எங்ககிட்டேருந்து திருடிட்டீங்களா?"

எபனேசர் பியூ தொண்டையைக் கனைத்தார். "எம்ரிஸ், ஒரு விஷயம். போன ஞாயித்துக்கிழமை ஒரு குள்ளக் கிழவர் வந்து இந்தப் பெட்டி முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு. சிரிச்சாரு. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு."

"யாரு?"

"ஷோனி கெத்தின். நான்ட்கோச். கொட்டகையைத் திறக்க நாமதான அவரைக் கூப்பிட்டிருக்கோம்? அவரும் அந்தக் காலத்துல நாட்டுக்கு ஆடினவரு."

எம்ரிஸ் கண்ணைத் திறந்தார். திறந்தபோது வழக்கு முடிந்திருந்தது.

"அவங்க ஊர்ல நாலு பேரு. நம்ம ஊர்ல ஒருத்தரு. அந்த ஒண்ணையும் இல்லாம பண்ணப் பாக்குறான்! கிளம்புடா."

"பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. ஒரு டீ குடிச்சுட்டுப் போலாமே," என்றான் க்ளெக்.

*

எம்ரிஸின் அக்கா மரெட் கல்யாணம் செய்துகொள்ளாமல், அப்பா வீட்டில் தம்பியோடு இருப்பவள். ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தி ஊரில் பாதிப் பேரைப் பயமுறுத்தி வைத்திருந்தாள். அவளிடம் படிக்காத மீதிப் பாதியை அவள் கண் பயமுறுத்தி வைத்திருந்தது.

மேஜையில் டீ கெண்டி. அது ஆறாமல் இருக்க அதன் தலையில் எப்போதும் ஒரு கம்பளிக் குல்லாய் கவிழ்த்திருக்கும். சாம்பல் நிறத்தில் மரெட் பின்னியது. உச்சியில் மட்டும், எதற்கென்று தெரியாமல், மங்கிப்போன ஒரு தங்கநிறக் குஞ்சலம். எம்ரிஸுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கெண்டி மாறியிருக்கிறது. குல்லாய் மாறியதில்லை.

"வயசான காலத்துல எதுக்குடா இந்தத் துப்பறியிற வேலை?" என்றாள் மரெட். "போன ஜெர்சி போகட்டும். கொட்டகையைத் திறக்குறதைத் தள்ளி வெக்கச் சொல்லு."

"அப்பா மானம் போகுதுக்கா!"

"அப்பா மானம் அப்பாகிட்டயே பத்திரமா இருக்கு. நீ நான்ட்கோச் போகாத. மழை வரும்."

எம்ரிஸ் ரொட்டித் துண்டை எடுத்து வெண்ணெய் தடவினார். கத்தி நேராக ஓடவில்லை. தூக்கிப் பார்த்தார். நுனி ஒரு பக்கமாக வளைந்து முறுக்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, கத்தி இப்படி ஆயிருக்கு?"

"பழைய கத்தி. வளையும்."

"இப்பல்லாம் கத்தியே சரியா செய்யிறதில்ல," என்று சொல்லிவிட்டு, எம்ரிஸ் வளைந்த கத்தியாலேயே ரொட்டி முழுவதும் தடவி முடித்தார்.

க்ளெக் கத்தியைப் பார்த்தான். மரெட்டைப் பார்த்தான். மரெட் அவனைப் பார்த்தாள். க்ளெக் உடனே குனிந்து டீயைக் குடித்தான். அவன் ஞாயிறு பள்ளியில் படித்ததில்லை. ஆனாலும்.

*

நான்ட்கோச்சில் மழை பெய்தது. அக்கா சொன்னால் மழையும் கேட்கும்.

மலைச்சரிவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய சுரங்கத் தொழிலாளர் வீடுகள். கடைசி வீட்டுக் கொல்லையில் புறாக்கூண்டு. எம்ரிஸ் கதவைத் தட்டிய தட்டில் புறாக்கள் எல்லாம் ஒரு சுற்றுப் பறந்துவிட்டு வந்தன.

கதவு திறந்தது. எம்ரிஸின் மார்பு உயரத்தில் ஒரு கிழவர் நின்றார். கையில் புறாத்தீனி. உடம்பில் மூன்று இறகு தைத்த சிவப்பு ஜெர்சி!

அது அவருக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல இருந்தது.

"ஷோனி கெத்தின்!" என்று எம்ரிஸ் தன் பழைய போலீஸ் குரலில் கர்ஜித்தார். "அந்த ஜெர்சியைக் கழட்டும்!"

"கழட்டுறேன் தம்பி. வாசல்லயேவா? உள்ள வா, குளிருது." கிழவர் அண்ணாந்து எம்ரிஸின் முகத்தை உற்றுப் பார்த்தார். "கரடோக் மகனா? காது ஒழுங்கா இருக்கவும் அடையாளம் தெரியல."

உள்ளே அடுப்பங்கரையில் உட்கார வைத்தார். எம்ரிஸ் உட்காரவில்லை.

"எங்க அப்பா ஜெர்சியைத் திருடி, அதைப் போட்டுக்கிட்டுப் புறாவுக்குத் தீனி போடுறீரே, வெக்கமா இல்ல?"

"திருடினேனா? உங்க அக்கா நேத்து வந்து கொடுத்துட்டுப் போச்சு."

பக்கத்தில் க்ளெக் மெதுவாக, "வெண்ணெய்," என்றான்.

"எங்க அக்கா எதுக்கு எங்க அப்பா ஜெர்சியை உம்மகிட்ட கொடுக்கணும்?"

"இது உங்க அப்பா ஜெர்சியா?" கிழவர் எழுந்து நின்று, கைகளை விரித்து, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "நல்லாப் பாத்துச் சொல்லு. இதுக்குள்ள கரடோக் ப்ரோபர்ட்டோட எந்தக் கையி போகும்? இது என்னோடது தம்பி. நாந்தான் அவருக்குக் கொடுத்தேன்."

"எதுக்கு?"

"எதுக்கா?" கிழவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "ஆட்டம் முடிஞ்சா, நல்லா மோதினவங்க ரெண்டு பேரும் ஜெர்சியை மாத்திக்குவோம். இந்தத் தெருவுல நாலு பேரு நாட்டுக்கு ஆடியிருக்கோம். ஒருத்தன் வீட்டுலயும் சிவப்பு ஜெர்சி கிடையாது. அடுத்த வீட்டுல பச்சை இருக்கு, அயர்லாந்துக்காரனோடது. கோடி வீட்டுல நீலம், ஸ்காட்லாந்து. சிவப்பு வீட்டுல இருந்தா அவன் நமக்கு எதிரா ஆடினவன். இது எங்க ஊர்ல தவழுற குழந்தைக்குக் கூடத் தெரியுமே! உங்க ஊர்ல..."

அவர் பாதியில் நிறுத்தினார். எங்கள் ஊரில் நாட்டுக்கு ஆடியவர் ஒருவர்தான் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. சுவரில் சிவப்பு ஜெர்சி தொங்கியது. ஊர் பார்த்தது. பெருமைப்பட்டது. பெருமைப்படுகிறவர்கள் கேள்வி கேட்பதில்லை. எங்களுக்கு அந்தக் குறை எப்போதும் உண்டு.

"அப்ப உங்க வீட்டுல..." என்றான் க்ளெக். அவன் குரல் இறங்கியிருந்தது.

"வெள்ளை இருந்துச்சு. நெஞ்சுல ரோஜாப்பூ. இவ்வளவு பெருசு, ரெண்டு பேரு போத்திக்கலாம். அதைத்தான் சனிக்கிழமை கொண்டு வந்து இது பக்கத்துல மாட்டலாம்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமை திரும்புற வழியில பாத்து உங்க அக்காகிட்ட சந்தோஷமாச் சொன்னேன். அதுக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு. நேத்து இதைத் தூக்கிட்டு வந்து, 'உன்னோடதை நீ எடுத்துக்க, எங்களோடதைக் கொடு, சனிக்கிழமை வாயத் திறக்காத'ன்னு வாங்கிட்டுப் போயிருச்சு. மறுத்துப் பேச முடியுமா அதுகிட்ட?"

வெள்ளை. ரோஜா. இங்கிலாந்து.

எம்ரிஸ் இப்போது உட்கார்ந்தார். முதுகு வளைந்ததை க்ளெக் முதல் தடவையாகப் பார்த்தான். கேலி செய்ய இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஆனால் அவன் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"வடக்கே பட்டறை வேலைக்குப் போயிருந்தாரு," என்றார் கிழவர். "அந்தக் காலத்துல எந்த ஊர் கிளப்புல ஆடுறியோ அந்த நாட்டுக்குக் கூப்பிடுவாங்க. கூப்பிட்டாங்க, போனாரு. மூணு ஆட்டம் ஆடினாரு. ஒண்ணு நமக்கு எதிரா. அன்னிக்கு நான் பந்தை எடுத்துக்கிட்டு எந்தப் பக்கம் ஓடினாலும் அந்த மலை அங்க நிக்கும். தூக்கி எறிஞ்சாரு தம்பி, ஆட்டுக்குட்டியை எறியிற மாதிரி! எனக்கு வந்துச்சே கோவம். இங்கிலீஷ்காரன்தான, என்ன புரியப்போவுதுன்னு, நம்ம பாஷையில திட்டினேன். ஆட்டம் பூரா திட்டினேன். அவரு அம்மாவை, அவரு பாட்டனை, அவரு வளர்க்குற நாயை, எல்லாத்தையும். ஒரு வார்த்தை பேசல. கடைசி விசில் அடிச்சதும் என்னைச் சேத்துலேருந்து தூக்கி நிறுத்தி, சுத்தமான வேல்ஷ்ல கேட்டாரு: 'ஏன்டா, நீ எந்தச் சபையில ஞானஸ்நானம் வாங்கினவன்?'"

க்ளெக் சிரித்துவிட்டான். கிழவர் சிரித்தார். போன ஞாயிற்றுக்கிழமை சிரித்த அதே சிரிப்பு. எம்ரிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"ஜெயிச்சது யாரு?" என்றார்.

"அவங்கதான். உங்க அப்பா இல்லேன்னா நாங்க ஜெயிச்சிருப்போம்." கிழவர் எம்ரிஸின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வேணும்னா நான் வந்து சொல்றேன் தம்பி. வேணும்னே விட்டுக்கொடுத்து ஆடினாரு, நம்ம ஆளுங்களைப் பாத்து மனசு இளகிருச்சுன்னு. யாரு இருக்கா இல்லேன்னு சொல்ல? நான் ஒருத்தன்தான் மிச்சம்."

*

மரெட் கதவைத் திறந்ததும் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அலமாரியிலிருந்து வெள்ளை ஜெர்சியை எடுத்து மேஜையில் விரித்தாள். மேஜை மறைந்துபோனது.

"எரிக்கணும்னுதான் வாங்கிட்டு வந்தேன்," என்றாள். "அடுப்பைக்கூட மூட்டிட்டேன். மனசு வரல."

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"அம்மாகிட்ட சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அப்பா பொய் சொல்லலடா. 'அந்த ஆட்டத்துல நானும் இருந்தேன்'னுதான் சொன்னாரு. மிச்சத்தை ஊரே சொல்லிக்கிச்சு. லாடம் அடிக்க வர்றவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுறேன்னு அப்பா சொன்னாரு, வாடிக்கை போயிடும்னு அம்மா வேணாம்னுட்டா. அப்புறம் நீ பொறந்த ஊரைப் பத்தியும்..."

"நான் பொறந்த ஊருக்கு என்ன?"

மரெட் கெண்டிக்கு மேல் இருந்த குல்லாயை எடுத்தாள். கத்தரிக்கோலால் ஓரத்துத் தையலைப் பிரித்தாள். சாம்பல் நிறப் பின்னல் உறைபோலக் கழன்று வந்தது. உள்ளே இருந்து மங்கிய வெல்வெட் தொப்பி ஒன்று வெளிப்பட்டது. விளிம்பில் தங்க நூல். முன்பக்கம் ஒரு ரோஜாப்பூ. நாட்டுக்கு ஆடியவருக்குக் கொடுக்கிற தொப்பி. குஞ்சலத்துக்கு இப்போதுதான் காரணம் தெரிந்தது.

அப்பாவின் தொப்பியை ஆற்றுவெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தார்கள். சேற்றில் பதிந்த கால்தடத்தைப் பார்த்தே ஆளின் எடையைச் சொல்கிற சார்ஜன்ட் எம்ரிஸ் ப்ரோபர்ட், இங்கிலாந்து நாட்டுத் தொப்பிக்குக் கீழிருந்து தினமும் இரண்டு வேளை டீ ஊற்றிக் குடித்திருக்கிறார்.

"அப்பா அங்க வேலையில இருந்தப்பதான் நீ பொறந்த," என்றாள் மரெட். "கைக்குழந்தையா இங்க தூக்கிட்டு வந்தோம்." ஊர்ப் பெயரையும் சொன்னாள்.

க்ளெக் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். அது அவன் ஊர்! மாட்டைத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் வைத்த கொல்லன் யாரென்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவன் என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். பதினோரு வருடக் கடன் இருந்தது. தன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிப் பணிவாக, ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்.

"ஊர்க்காரரே!"

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுரங்க வேலை விட்டு வந்தவர்கள் முகம் கழுவிக்கொண்டு கமிட்டிக்கு வந்திருந்தார்கள். எம்ரிஸ் கதவைத் திறந்து பிடித்தார். மரெட் உள்ளே வந்தாள்.

"திருடனை நிறுத்துறேன்னு சொன்னேன்," என்றார் எம்ரிஸ். "நிறுத்திட்டேன்."

எபனேசர் பியூ எழுந்தார். "என்ன எம்ரிஸ் இது, மரெட் டீச்சரைப் போயி..."

"உட்காரு எபனேசர்," என்றாள் மரெட். அவர் உட்கார்ந்தார். பாதுகாப்புக்காக இன்னும் சிலரும் உட்கார்ந்தார்கள். "எடுத்தது நான்தான். கத்தியையும் கொண்டு வந்திருக்கேன்." வளைந்த வெண்ணெய்க் கத்தியை மேஜையில் வைத்தாள். "கண்ணாடி அழுக்கா இருந்துச்சு. வெக்கமா இல்ல உங்களுக்கு?"

எம்ரிஸ் பையைத் திறந்து வெள்ளை ஜெர்சியை அதன் பக்கத்தில் வைத்தார். ரோஜா மேலே இருக்கும்படி வைத்தார். தொப்பியையும் வைத்தார். நடந்ததை எல்லாம் சொன்னார். சாட்சிக்கூண்டில் பேசுகிற மாதிரி, தன்னைப் பற்றியதைக்கூட வேறு யாரையோ பற்றிப் போலச் சொன்னார்.

கமிட்டிக்காரர்கள் பலகையைப் பார்த்தார்கள். ஜெர்சியைப் பார்த்தார்கள். அந்த ஜெர்சியை வைத்துக்கொண்டு அந்தப் பலகையை மாட்ட முடியாது. பலகையை இறக்கினால் க்ளின்வென்னில் நாட்டுக்கு ஆடியவர் யாருமே இல்லை. நான்ட்கோச்சில் நாலு பேர்.

எபனேசர் பியூவின் முகம் மெல்லத் தெளிந்தது. கறிக்கடைக்காரர்களுக்கு எந்த எலும்பையும் கறி மாதிரி கட்டிக்கொடுக்கத் தெரியும்.

"எம்ரிஸ், ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு அவரு மோசமாத்தான ஆடியிருப்பாரு?"

"என்ன?"

"நம்ம ஆளுங்களுக்கு எதிரா எப்படி மனசு வரும்? விட்டுக்கொடுத்திருப்பாரு. வேணும்னே சறுக்கியிருப்பாரு. ஷோனி கெத்தினே வந்து அப்படிச் சொன்னா, பலகை இருக்கட்டும், கீழ அதையும் ஒரு வரி எழுதிடலாம். எதிரி ஜெர்சிக்குள்ள நம்ம ஆளு! ஊரு கொண்டாடும்!"

மேஜையைச் சுற்றிலும் பெருமூச்சு எழுந்தது. எல்லா முகமும் எம்ரிஸின் பக்கம் திரும்பின. அவர் பேசக்கூட வேண்டாம். தலையை ஒரு தடவை அசைத்தால் போதும். பெயர் நிற்கும், பலகை நிற்கும், அப்பா நிற்பார்.

எம்ரிஸின் முதுகு நிமிர்ந்தது. க்ளெக் மனதுக்குள், 'போச்சு' என்றான்.

"எங்க அப்பா," என்றார் எம்ரிஸ், "எந்த ஆட்டத்தையும் மோசமா ஆடினதில்ல. அன்னிக்கு ரொம்ப நல்லா ஆடினாரு. ஷோனி கெத்தினைத் தூக்கித் தூக்கி எறிஞ்சாரு. நம்ம அணி தோத்ததுக்கு அவருதான் காரணம். ஏதாவது எழுதுறதா இருந்தா அதை எழுதுங்க."

மரெட் தம்பியைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கத்தியைக் கொடுங்க, வீட்டுல வேற கிடையாது," என்றாள்.

கடைசியில் மூலையில் இருந்த ஒரு கிழட்டுக் கமிட்டிக்காரர் வாய் திறந்தார். "திரும்பி வந்த பிறகு நமக்காக ஒம்பது வருஷம் ஆடினாரே. காது ரெண்டும் இங்கதான போச்சு." எபனேசர் பியூ தாடையைத் தடவினார். பலகைக்குக் கொடுத்த மரம் நல்ல மரம். வீணாக்க அவருக்கும் மனமில்லை.

"பேரு இருக்கட்டும்," என்றார். "ஆனா இந்தக் கொட்டகையில வேணாம். எதிர்ப்பக்கம்."

*

எதிர்ப்பக்கம் என்பது வெளியூர் அணியைப் பார்க்க வருகிறவர்களுக்கான பழைய தகரக் கொட்டகை. நாங்கள் அதைப் பழுதுபார்ப்பதில்லை. வேண்டுமென்றேதான். சனிக்கிழமை மழை, தகரத்தின் எல்லா ஓட்டை வழியாகவும் வந்து ஆட்டம் பார்த்தது.

'கரடோக் ப்ரோபர்ட் கொட்டகை' என்ற பலகைக்குக் கீழே நாலு பேர். சிவப்பு ஜெர்சியில் ஷோனி கெத்தின். மடியில் வெள்ளை ஜெர்சியை நனையாமல் பொத்தி வைத்துக்கொண்டு மரெட். டீ பிளாஸ்க்குடன் க்ளெக். நடுவே நிமிர்ந்த முதுகோடு எம்ரிஸ். தலையில் அப்பாவின் தொப்பி. ரோஜா முன்பக்கம். அது இரண்டு காதையும் மூடி, புருவம் வரை இறங்கியிருந்தது. பழைய டீ வாசனை அடித்தது.

எதிரே புதுக் கொட்டகையிலிருந்து ஊரே பார்த்தது. யாரோ விசிலடித்தார்கள். எம்ரிஸ் திரும்பவில்லை.

"நனையுது சார்ஜன்ட்," என்றான் க்ளெக். "கழட்டி உள்ள வைங்க. நனைஞ்சா சுருங்கிடும்."

"சுருங்கட்டும்," என்றார் எம்ரிஸ். "அப்பவாவது எனக்குச் சரியா இருக்குமான்னு பாப்போம்."